கரண்டு போனவுக பங்கு

என்னைத் திருடி என்று சொன்னவன் பெயர் ஊர்க்காவலன். விளையாட்டுக்காக வைத்துக்கொண்ட பட்டப்பெயர் என்றுதான் நாங்கள் ரொம்ப நாள் நினைத்திருந்தோம். கேடயத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போய் அடி வாங்குகிறவனுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? பிறகுதான் தெரிந்தது, ஆலங்குளத்தில் அவனைப் பெற்றவர்களே அப்படித்தான் வைத்திருந்தார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போடுகிற வேலை அவனுக்கு. மத்தியானமானால் பிரவுசிங் சென்டரில் வந்து உட்காருவான்.

நான் மாரிசெல்வி. சிவகாசியில் சீனிச்சாமி அண்ணாச்சியின் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். மத்தாப்புப் பெட்டி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். எனக்குக் கோபம் வரும், சட்டென்று வரும். இதை நானே முதலில் சொல்லிவிட்டால் வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

கரண்டு எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும் என்று ஊரே மனப்பாடம் பண்ணி வைத்திருந்த இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. ஆர்டர்கள் மெயிலில் வருகின்றன என்று அண்ணாச்சி இணைய இணைப்பு வாங்கிப் போட்டார். அது வழியாக ஆர்டரும் வந்தது, அந்த விளையாட்டும் வந்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்து ஒரே காட்டில், ஒரே மலையில் திரிகிற விளையாட்டு. நாலைந்து பேராகக் கூட்டுச் சேர்ந்து ஆடுவார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. சிங்கம், டிராகன், இருட்டு வீரர்கள் என்று அவரவர் வாய்க்கு வந்ததை வைத்திருந்தார்கள். எங்கள் கூட்டத்துக்குக் கம்பெனி என்று பெயர். எங்கள் பக்கம் நாலு பேர் சேர்ந்து ஒரு வேலை பார்த்தால் அது கம்பெனிதான்.

சோத்து நேரத்தில்தான் கூடுவோம். அந்த நேரம் வெளிநாட்டுக்காரர்கள் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், ஏரிக்கரை முழுக்க எங்களுடையதாக இருக்கும். ஏரி என்றால் நம்முடைய கண்மாய் மாதிரி இல்லை. மேலே ஊதா நிற வானம். அதில் இரண்டு நிலா. காற்றே இல்லாமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும் பனி. இங்கே வெளியில் வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்கும், மிஷின் ஓடுகிற அதிர்வில் என் மேஜை நடுங்கிக்கொண்டிருக்கும், நான் அங்கே பனியில் நின்றுகொண்டிருப்பேன். முதல் நாள் என்னையறியாமல் கையை நீட்டிப் பனியைத் தொடப் போனேன். மானிட்டர் கண்ணாடி சூடாக இருந்தது.

கம்பெனிக்குத் தலைவர் நவ்ஷாத் அண்ணன். விருதுநகரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நாங்கள் அவரைப் போர்மேன் என்போம். மனுஷன் ஒழுங்கு என்றால் அப்படியொரு ஒழுங்கு. உள்ளே வந்ததும் “சாப்பிட்டீகளா” என்று கேட்க வேண்டும். எதிரியானாலும் கெட்ட வார்த்தை சொல்லக்கூடாது. கிளம்பும்போது “போறேன்” என்று அடிக்கக்கூடாது, “போயிட்டு வாரேன்” என்றுதான் அடிக்க வேண்டும். ஒருவர் ஐடியில் இன்னொருவர் கை படக்கூடாது. கிடைக்கிற பொருள் யாருக்குத் தேவையோ அவருக்கு.

“பட்டன எவன் வேணும்னாலும் அமுக்கலாம்லே. மரியாதையா அமுக்கத் தெரியணும்,” என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. சண்டை நடுவில் கரண்டு போய்விட்டால், திரையில் அவருக்காக நடமாடுகிற பொம்மை கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். மற்றக் கூட்டங்களில் அதை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், பொருளையும் பிரித்துக்கொள்வார்கள். நாங்கள் அந்தப் பொம்மையைச் சுற்றி வட்டமாக நின்றுகொள்வோம். சோத்து நேரம் முடிந்தாலும் விளையாட்டை மூட மாட்டோம். திரையில் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம், எங்கள் பொம்மைகள் காவல் நிற்கும். கரண்டு வந்து அவர் கண் திறந்த பிறகுதான் எதையும் பிரிப்போம். அதற்குக் கரண்டு போனவுக பங்கு என்று பெயர்.

ஒருமுறை குதிரையில் வந்த அயல்நாட்டுக்காரன் ஒருவன், ஏன் எல்லோரும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டான். எங்கள் ஆளுக்குக் கரண்டு போயிருக்கிறது, வரும் என்று நவ்ஷாத் அண்ணன் பதில் போட்டார். அவனுக்கு என்ன புரிந்ததோ, குதிரையை விட்டு இறங்கி எங்களோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

நாலாவது ஆள் ருமானா. காரியாபட்டியில் அவள் வாப்பா யூசுப் பாய் மருந்துக்கடை வைத்திருந்தார். பில் போடுகிற கம்ப்யூட்டரில், கூட்டமில்லாத மத்தியானத்தில் உட்கார்ந்து ஆடுவாள். கம்பெனியில் அவள்தான் வைத்தியம் பார்க்கிறவள். யாருக்கு உயிர் குறைகிறதோ அவர்மேல் பச்சை வெளிச்சத்தைத் தெளிப்பாள், தன்மேல் மட்டும் தெளித்துக்கொள்ள முடியாது. நான் வெடி போடுகிறவள். சிவகாசிக்காரிக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள்? பெரிய வெடி நம்மாள், எதிராள் என்று பார்க்காது, எல்லோரையும் சேர்த்துத் தூக்கிவிடும். அதனால் ருமானா சொன்ன பிறகுதான் நான் போட வேண்டும். யார் உடம்பில் எம்புட்டு உயிர் மிச்சமிருக்கிறது என்று அவளுக்குத்தானே தெரியும்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் தினமும் அவளோடு பனியில் நடப்பேன். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அடித்து, வீட்டுக் கதை முழுக்கப் பேசிவிட்டோம். ஒரு நாள் அவள் சொன்னாள்.

“அக்கா, எனக்கு நிக்காஹ் முடிவாகியிருக்கு. கீழக்கரை. மாப்பிள நல்லவுகதான். ஆனா அங்கன கம்ப்யூட்டர் இல்லக்கா.”

பத்திரிகை எங்கள் பிரஸ்ஸில்தான் அடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

“அடிக்கிறேன். ஆனா போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ அந்த ஏரிக்கு மேல பறந்து பாத்துரணும்க்கா.”

பறப்பதற்குச் சிறகு வேண்டும். ஏரி நடுவில் ஒரு வெள்ளிப் பறவை இருந்தது. அதை வீழ்த்தினால் அபூர்வமாக ஒரு ஜோடிச் சிறகு விழும். கிடைத்தவர் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான், கழற்றி யாருக்கும் கொடுக்க முடியாது. கம்பெனி கூடிப் பேசியது. சிறகு விழுந்தால் ருமானாவுக்கு என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னோம்.

அந்தச் சண்டை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பறவை சிறகை விரித்தபோது இரண்டு நிலாவும் மறைந்துபோயின. ஊர்க்காவலன் கேடயத்துக்குப் பின்னால் முட்டி போட்டுவிட்டான். நவ்ஷாத் அண்ணனின் வாள் முறிந்தது. பறவைக்கும் உயிர் கொஞ்சம்தான் பாக்கி. நான் பெரிய வெடியைக் கையில் வைத்துக்கொண்டு ருமானாவின் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வந்தது.

“மருந்து! மருந்து!”

போட்டேன். கையில் இருந்தது, பையில் இருந்தது, மொத்தத்தையும் போட்டேன். திரை முழுக்க வெள்ளை. வெள்ளை வடிந்ததும் பார்த்தால் பறவை விழுந்து கிடக்கிறது, ஊர்க்காவலன் விழுந்து கிடக்கிறான், நவ்ஷாத் அண்ணன், ருமானா, எல்லோரும் பனியில் கிடக்கிறார்கள். நிற்கிறவள் நான் ஒருத்தி. செத்தவர்களுக்குப் பங்கில்லை, மிஞ்சி நிற்கிறவருக்கே எல்லாம் என்பது அந்த விளையாட்டின் சட்டம். நான் எந்தப் பட்டனையும் தொடவில்லை. சிறகு தானாக வந்து என் முதுகில் ஒட்டிக்கொண்டது.

ஊர்க்காவலன்தான் முதலில் அடித்தான்.

“வேணும்னே போட்டுருக்கீக. அந்தப் புள்ளயோட செறக களவாண்டுட்டீக.”

“மாரிசெல்வி, என்ன நடந்துச்சு? சொல்லு தாயி,” என்றார் நவ்ஷாத் அண்ணன்.

என்ன நடந்ததாம்! எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. நான் ஏன் சொல்ல வேண்டும்? போடச் சொன்னவள் அங்கேதானே கிடக்கிறாள்? ‘நான்தான் போடச் சொன்னேன்’ என்று அவள் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதாதா? நான் அவள் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ருமானா ஒன்றும் எழுதவில்லை. ஊர்க்காவலன் சொன்னதுகூட எனக்கு வலிக்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் வலித்தது.

“நல்லா இருங்க,” என்று அடித்துவிட்டுக் கம்பெனியை விட்டு வெளியேறினேன். போயிட்டு வாரேன் என்று அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு சோத்து நேரத்தில் சோறு மட்டும் சாப்பிட்டேன். விளையாட்டுக்குள் போகத்தான் செய்தேன், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஏரிக்கரையில் அவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு பாறைமேல் உட்கார்ந்திருப்பேன். முதுகில் அம்புட்டு அழகான சிறகு. ஒரு நாளும் விரித்ததில்லை. விரித்தால் அவன் சொன்னது உண்மையாகிவிடும் அல்லவா?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி ஒரு துண்டுத் தாளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். “காரியாபட்டிப் பார்ட்டி. முன்னாடி உக்காந்து கார்டு பாத்துக்கிட்டு இருக்காக. நீ மேட்டரை அடிச்சு வச்சிரு,” என்றார். மணமகள் ருமானா என்று எழுதியிருந்தது. அடித்தேன். என் கை பிழை பண்ணாது, ஆனால் அன்றைக்குப் பண்ணியது.

“ருமானாவுக்குக் கடைசியில கால் விட்டுப்போச்சு,” என்றது பின்னால் ஒரு குரல்.

திரும்பினேன். ஒல்லியாக ஒரு பெண், தலையில் முக்காடு, கையில் ஒரு மஞ்சப்பை. பனியில் தினமும் என் பக்கத்தில் நடந்தவள் இவ்வளவு குட்டையாக இருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.

“உக்காருங்க,” என்றேன். வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை.

“வாப்பாகிட்ட இந்த பிரஸ்னு முன்னாடியே சொல்லிட்டேன். மாத்த முடியல,” என்றாள் அவளும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு. நான் காலைச் சேர்த்தேன். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இரண்டு பேரும் எழுத்தைத்தான் பார்த்தோம்.

அந்த நேரம் பார்த்து எங்கள் அம்மா மாரித்தாய் உள்ளே வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை அவளுக்கு. வெயில் ஏறினால் ஆபத்து என்று கலவை வேலையைச் சீக்கிரம் முடித்து அனுப்பிவிடுவார்கள். வீட்டுச் சாவியை வாங்க வந்தவள் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தாள். எத்தனை சோப்புப் போட்டாலும் முழங்கை வரை அந்த வெள்ளிப் பூச்சு அவளை விட்டுப் போகாது.

ருமானா அதையே பார்த்தாள். “கையில என்னம்மா வெள்ளையா?”

“மருந்துத்தா.”

“ஐயோ, அடி பட்டுருச்சா? ரெண்டு கையிலயுமா? முன்னாடி எங்க வாப்பா இருக்காக. நல்ல ஆயின்மெண்டா எழுதித் தரச் சொல்லட்டுமா?”

“எனக்கு எதுக்குத்தா அடி படணும்? மருந்துன்னுல்ல சொன்னேன்.”

“அதான்மா, மருந்து போட்டிருக்கீகளே.”

“மருந்து போடுறதுதான தாயி என் வேலையே!”

அம்மா சிரித்தாள். ருமானா சிரிக்கவில்லை. அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். எனக்கும் அப்போதுதான் உள்ளே ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

“அக்கா, அன்னைக்கு நான் மருந்துன்னு அடிச்சேன்ல?”

“அடிச்ச.”

“நீங்க என்னன்னு நெனச்சீக?”

நான் அம்மாவின் கையைக் காட்டினேன்.

ருமானா வாயைப் பொத்திக்கொண்டாள். “யா அல்லா! எனக்கு உசுரு போகுது, ஆராச்சும் ஒரு குப்பி மருந்து எடுத்து ஊத்துங்கன்னு கேட்டா, மொத்தக் குடோனையும் என் தலையில போட்டுட்டீகளே!”

“மருந்துன்னா எனக்கு இதுதான் புள்ள! பொறந்ததுல இருந்து இதுதான்! காச்சலுக்குத் திங்கிறது மாத்திரை, ஊசி. மருந்துன்னா வெடிக்கும்!”

“எங்க கடைக்குப் பேரே மருந்துக்கடைக்கா!”

சிரித்தோம். அழுகை வரும்வரை சிரித்தோம். அம்மா என்ன ஏதென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

“பெறகு ஏன்டி வாயைத் தொறக்கல நீ?” என்றேன். கோபம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“எனக்கு என்ன தெரியும்? உசுரக் காப்பாத்துங்கன்னு கேட்டேன், கொன்னுட்டீக. அக்கா என்னைய இப்படிப் பண்ணிட்டாகளேன்னு உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தேன். எங்கிட்டு எழுத?”

பத்திரிகையை ஓரமாகத் தள்ளிவிட்டு விளையாட்டைத் திறந்தேன். ஊதா வானம் விரிந்தது.

“வா, பறக்கலாம்.”

ஆசையில் அவள் முகம் விரிந்து உடனே சுருங்கியது. “அடுத்தவுக ஐடியில கை படக்கூடாதுன்னு நவ்ஷாத் அண்ணன் சொல்லியிருக்காக. வேணாம்க்கா.”

கல்யாணமாகிப் போகிறவள், இதோடு முடிந்தது என்று தெரிந்தவள், அப்போதும் ஒழுங்கு பேசுகிறாள் பாருங்கள். எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது.

“கை படக்கூடாதுன்னுதான சொன்னாரு? கை என்னுது. கண்ணு ஒன்னுது. எங்கிட்டுப் போகணும்னு நீ சொல்லு, நான் போறேன்.”

அவள் நாற்காலியை இழுத்து ஒட்டி உட்கார்ந்தாள். ஏரிக்கரையில் நவ்ஷாத் அண்ணனும் ஊர்க்காவலனும் நின்றிருந்தார்கள். நான் நேராகப் போய்க் கேட்டேன், மருந்து என்றால் உங்கள் ஊரில் என்ன?

“தலவலிக்குத் திங்கிறது. ஏம்மா?” என்றார் நவ்ஷாத் அண்ணன்.

“பாறைக்குக் குழி போட்டு வைக்கிறது,” என்றான் ஊர்க்காவலன். பிறகு அன்றைக்கு எழுதிய எல்லாவற்றையும் மேலே தள்ளித் தேடிப் பார்த்திருப்பான். “யக்கா. அந்தப் புள்ள மருந்துன்னு அடிச்சிருக்கு. நான் பாக்கவே இல்ல. நான் பேசுனது ரொம்பத் தப்பு. மன்னிச்சிருங்க.”

“பறந்து வந்து சொல்லுலே, கேக்குறேன்,” என்று அடித்துவிட்டு, ருமானா பக்கத்தில் இருக்கிறாள் என்றும், கை என்னுடையதுதான் என்றும் அவர்களிடம் சொன்னேன். பிறகு முதல்முறையாகச் சிறகை விரித்தேன்.

கரை கீழே போனது. “ஏரிக்கு நடுவுல,” என்றாள் ருமானா. போனேன். “இன்னும் மேல.” போனேன். சரியாக அந்நேரம் எங்கள் லைனில் கரண்டு போனது. மிஷின் நின்றது, காற்றாடி நின்றது. யூபிஎஸ்ஸில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது, அது கூவத் தொடங்கியது. இருட்டான அறையில் அந்த ஒரு ஜன்னல் மட்டும் ஊதாவாக எரிந்தது. எனக்கு அந்த அறை, மை வாசனை, எதுவும் இல்லாமல் போயிற்று. பனி கீழேயிருந்து மேலே ஏறுகிற மாதிரி இருந்தது. ஏரியில் இரண்டு நிலாவும் கிடந்தன. அவற்றுக்கு நடுவே எங்கள் நிழல் போய்க்கொண்டிருந்தது.

“ஏ புள்ள, எந்த ஊரு இது? பஸ்ஸு போகுமா?” என்றாள் அம்மா இருட்டிலிருந்து.

ருமானாவின் கை என் கைமேல் இருந்தது. மவுஸ்மேல் இல்லை, என் கைமேல்தான். அது குளிர்ந்திருந்தது. “அந்த நெலாவுக்குப் போங்கக்கா,” என்று அவள் சொன்னபோது யூபிஎஸ் நின்றுவிட்டது.

கறுத்த கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தன.

“ருமானா, பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா,” என்று யூசுப் பாய் முன்னாலிருந்து கூப்பிட்டார். அவள் முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். “அக்கா, கம்பெனிக்காரவுககிட்ட போயிட்டு வாரேன்னு சொல்லலையே. நீங்க சொல்லிருங்க.” சரி என்று தலையை ஆட்டினேன்.

கரண்டு வந்ததும் உள்ளே போனேன். என் பொம்மை சிறகு மடங்கித் தானாகவே ஏரிக்கரையில் இறங்கி நின்றிருந்தது. நான் கம்பெனியில் இல்லாதவள். ஆனாலும் ஊர்க்காவலன் கேடயத்தை வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றான். நவ்ஷாத் அண்ணன் பின்னால் நின்றார். எம்புட்டு நேரம் நின்றார்களோ, இருவர் தோளிலும் பனி ஏறியிருந்தது.

“வந்துட்டியா தாயி? கம்பெனிக்குள்ள வா,” என்று அழைப்பை நீட்டினார் நவ்ஷாத் அண்ணன். வாங்கிக்கொண்டேன். “ருமானா எங்க?”

“கெளம்பிட்டா. போயிட்டு வாரேன்னு சொல்லச் சொன்னா.”

ஒரேயடியாகப் போகிறவர்களின் பெயரைப் போர்மேன் எடுத்துவிட வேண்டும் என்பதும் ஒழுங்குதான். பயந்து பயந்து கேட்டேன். “அவ பேர எடுத்துருவீகளா?”

பனி பெய்துகொண்டிருந்தது. அவர் பதில் எழுதுவதற்குள் ஊர்க்காவலன் முந்திக்கொண்டான்.

“எதுக்கு எடுக்கணும்? அவுகளுக்குக் கரண்டுதான போயிருக்கு.”

நவ்ஷாத் அண்ணன் எங்கள் வட்டத்தில் கொஞ்சம் தள்ளி, ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றார். நாங்களும் தள்ளி நின்றோம்.